இரைச்சல் ஏழு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் குரல் இரைச்சல் இல்லை. கொஞ்சம் உரத்த குரல், அவ்வளவுதான். எங்கள் வீடு பைபாஸ் ஓரத்தில் இருக்கிறது. முப்பது வருஷமாக ஏர் ஹாரனுக்கு மேலே பேசிப் பேசி இப்படி ஆகிவிட்டது. அந்தக் குரலுக்கு ஒரு கம்பெனி என்ன பெயர் வைத்தது, அதனால் இந்த நாடு எத்தனை நாள் அல்லாடியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெயர் கோகிலாமணி. ஊர் சங்ககிரி. வீட்டுக்காரர் அர்த்தநாரி முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டியவர். இங்கிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வடக்கே போவார், அங்கிருந்து வேறு எதையாவது ஏற்றிக்கொண்டு கிழக்கே போவார், எப்போதாவது வீட்டுப் பக்கமும் வருவார். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. அதில் இரண்டு நாள் தூங்குவார், ஒரு நாள் வண்டியைக் கழுவுவார், ஒரு நாள் என்னோடு சண்டை போடுவார். ஆனால் முப்பத்தொரு வருஷத்தில் அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. ஒரு நாய்கூட அடிபட்டதில்லை.

இந்தச் செய்தி எப்படியோ தேர்மதி என்ற கம்பெனிக்குப் போய்விட்டது. ஆளில்லாமல் ஓடும் லாரி செய்கிறவர்கள் அவர்கள். ரெபெக்கா என்ற திருச்சிப் பெண்ணை அனுப்பினார்கள். நல்ல பெண். வீட்டுக்கு வந்து என் கையால் காபி குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மா, ரோட்டு விதியெல்லாம் வண்டிக்குச் சொல்லிக் குடுத்துப் பாத்துட்டோம். விதிப்படி ஓட்டுனா நம்ம ரோட்டுல ஒரு கிலோமீட்டர்கூடப் போக முடியல. அதனால நல்ல டிரைவர் ஒருத்தர அப்படியே காப்பி எடுக்கப் போறோம்."

"ஆளையேவா?"

"பழக்கத்த மட்டும்மா. எங்க பிரேக் போடறார், எப்ப ஹாரன் அடிக்கிறார், எங்க நிக்கிறார், எப்படிக் கிளம்பறார். ரெண்டு வருஷம் நான் பக்கத்துலயே உக்காந்து பதிவு பண்ணுவேன். அப்புறம் வண்டியோட மூளையில அத ஏத்திருவோம்."

"அந்த மூளையவா?" என்றேன். வீட்டுக்காரர் முறைத்தார்.

ரெபெக்கா சொன்னபடியே செய்தாள். தலையில் ஒரு பட்டையும் மணிக்கட்டில் ஒயரும் மாட்டிக்கொண்டு இவர் இரண்டு வருஷம் ஓட்டினார். முடிந்ததும் கம்பெனி இவருக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு கேடயம் கொடுத்து, ஸ்டியரிங்கே இல்லாத லாரி ஒன்றின் முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தது. மூன்றே வருஷத்தில் நாடு முழுக்க நாற்பது லட்சம் வண்டி. எல்லாவற்றுக்கும் உள்ளே என் வீட்டுக்காரர்.

நிஜமான வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். வந்தவர் போகவே இல்லை.

மாதம் நான்கு நாள் இருந்தவரோடு குடித்தனம் நடத்தத்தான் எனக்குத் தெரியும். முப்பது நாளும் இருந்தால் நான் என்ன செய்வேன்? குடத்தோடு வாசற்படி ஏறினால் "லெஃப்ட்ல எடம் இருக்குது, வா வா வா" என்பார். புளிக்கரைசலை ஊற்றும்போது "போதும், பிரேக்கு" என்பார். மற்ற நேரத்தில் பைபாஸைப் பார்த்தபடி மதில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். வண்டிகள் இவர் மாதிரியே போகும். வளைவில் இடது பக்கம் லேசாக ஒதுங்கி, கோயிலைத் தாண்டும்போது இரண்டு தடவை ஹாரன் அடித்து.

"அங்க பாரு புள்ள, நான் போறேன்" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "அதா, மறுபடியும் நான் போறேன்."

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஊரில் வேலை போன டிரைவர்கள் யாரும் சிரிக்கவில்லை. இவரைக் காப்பி எடுத்ததால்தான் தங்கள் பிழைப்பு போனது என்று அவர்களுக்குக் கோபம். கல்யாணப் பந்தியில் இவர் பக்கத்து இலையில் உட்கார ஆள் வரமாட்டார்கள். இவரும் சரியாகத் தூங்குவதில்லை. கண் எப்போதும் சிவந்தே இருக்கும். வயசானால் தூக்கம் குறையும் என்று நானும் விட்டுவிட்டேன்.

வண்டிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலை ஆறு மணிக்கு எங்கே இருந்தாலும் ஓரங்கட்டி நிற்கும். பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் தானாகக் கிளம்பும். இவரும் அப்படித்தான், ஆறு மணிக்கு டீ. மக்களும் அதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்யப் பழகிவிட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு நாற்பது லட்சம் வண்டியும் வழக்கம்போல ஓரங்கட்டின. விளக்கு எரிந்தது, இண்டிகேட்டர் அடித்தது. பத்து நிமிஷம் ஆனது. ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

முதல் நாள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் கடைக்குப் போனேன்.

"அக்கா, முட்டை எடுத்துக்கங்க, எத்தன வேணுமோ எடுத்துக்கங்க" என்றான் கடைக்காரன் செல்லமுத்து. நாமக்கல் முட்டை முழுக்க வெளியூர் போக வழியில்லாமல் இங்கேயே கிடந்தது. கோழிகளுக்கு விஷயம் தெரியாது, அவை பாட்டுக்குப் போட்டுக்கொண்டே இருந்தன.

"முட்டை கெடக்குது. வெங்காயம்?"

"இல்லீங்க்கா."

"எண்ணெய்?"

"இல்லீங்க்கா. தீப்பெட்டியும் இல்ல."

"தீப்பெட்டி நம்ம நாட்டுலதானடா செய்யறாங்க?"

"குச்சி ஒரு ஊர்ல, மருந்து ஒரு ஊர்ல, அட்டை ஒரு ஊர்லக்கா. எல்லாம் ஒண்ணு சேரறதே லாரியிலதான்."

மருந்தையும் பாலையும் மட்டும் ராணுவம் தன் பழைய ஸ்டியரிங் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஓடியது. மற்றதெல்லாம் நின்றது. டிவியில் ஒருவர், "ரயில்தான் இருக்கிறதே" என்றார். ரயிலும் பாவம், கோதுமையைக் கொண்டுவந்து ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் போனது. ஸ்டேஷனிலிருந்து கடைக்குக் கோதுமை நடந்தா வரும்? இன்னொருவர் நாட்டின் பொருளாதாரத்தில் சாலைச் சரக்குப் போக்குவரத்தின் பங்கு என்று வட்டம் போட்டு, அதைக் கூறுபோட்டு விளக்கினார். வேறு நாளாக இருந்தால் அவர் வீட்டில்கூட அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு நாடே உட்கார்ந்து பார்த்தது. வேலைக்குப் போகலாமென்றால் பங்க்குக்கு டீசல் கொண்டுவரவும் லாரி வரவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்று மாலைச் செய்தியில் என் வீட்டுக்காரர் படத்தைப் போட்டார்கள். பொன்னாடையோடு எடுத்த அதே படம். வண்டிகளின் மூளை ஒரே ஒரு டிரைவரிடமிருந்து எடுக்கப்பட்டதாம். அந்த டிரைவரின் சோம்பேறித்தனம் இப்போது வெளியே வருகிறதாம். 'அர்த்தநாரி நோய்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

இவர் டிவியை அணைத்தார். வைத்த சோற்றைத் தொடவில்லை.

"ஒரு கீறல் இல்ல புள்ள. முப்பத்தொரு வருசம். இப்ப என்னாலதான் நாடே நிக்குதாம்."

சோறு தண்ணி இல்லாமல், தூக்கம் இல்லாமல் ஓடிய மனுஷனையா சோம்பேறி என்பது? மறுநாளும் சாப்பிடவில்லை. மதில் ஓரத்துக்கும் போகவில்லை. எங்கள் வீட்டு முன்னால் பதினாறு வண்டிகள் இண்டிகேட்டர் அடித்தபடி நிற்க, அவற்றைப் பார்க்க மாட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ரெபெக்கா வந்தாள். கூடவே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர். வத்சன், கம்பெனியின் புது மேலாளர், பதவிக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஆள் மூன்று நாளாகக் குளித்த மாதிரி தெரியவில்லை.

"சார், காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க என்னென்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார் வத்சன்.

"டயரத் தட்டிப் பாப்பனுங்க" என்றார் இவர். "கிழக்கப் பாத்து ஒரு கும்புடு. ஒரு டீ. தூரப் பயணம்னா எலுமிச்சம்பழம்."

"எலுமிச்சம்பழமா?"

"முன்டயருக்கு அடியில வெச்சு நசுக்கோணுமுங்க. கண்ணு படக் கூடாதில்லீங்களா."

வத்சன் முகத்தில் விளக்கு எரிந்தது. ரோட்டுக்கு ஓடினார். முதல் வண்டியின் டயரை உதைத்துவிட்டுக் கால் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார். கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். டீயைக் காட்டினார். எலுமிச்சைக்குச் செல்லமுத்து கடைக்கு ஆள் அனுப்பினார்.

"எலுமிச்சை இல்லீங்களாம்" என்று திரும்பி வந்தான் போனவன்.

"ஏன் இல்ல?"

"அதுவும் லாரியிலதான் வருதாமுங்க."

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, உள்ளே போய் ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்தேன். வத்சன் மண்டியிட்டு, மிளகாய்ப்பொடி சொட்டச் சொட்ட நான்கு துண்டு எலுமிச்சையை டயருக்கு முன்னால் வைத்தார். வண்டி அசையவில்லை. நிற்கிற வண்டி எப்படிப் பழத்தை நசுக்கும் என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது.

ரெபெக்கா மட்டும் தூரத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று இவரிடம் வந்தாள்.

"ஐயா, டீ குடிக்கும்போது உங்களுக்கு ஒரு போன் வரும்ல? டெய்லி ஆறு மணிக்கு. ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுவீங்க."

"அது கோகிலா. சும்மா திட்டறதுக்குக் கூப்புடுவா."

ரெபெக்கா மேலாளர் பக்கம் திரும்பினாள். "சார், பழைய ஃபைல்ல இரைச்சல்னு ஏழு சத்தம் இருந்துச்சே, அதுல ஏழாவது எங்க?"

வத்சனுக்கு வேர்த்தது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். கையில் ஊறுகாய் இருந்ததை மறந்துவிட்டார் போல, கண் எரிந்து அதற்கும் சேர்த்து அழுதார். பிறகு மெதுவாக விஷயம் வெளியே வந்தது. தினமும் ஆறு மணிக்கு ஆளில்லாத நாற்பது லட்சம் வண்டிக்குள் ஒரு பெண் கத்துகிற சத்தம் ஓடிக்கொண்டிருந்ததாம். வண்டிகளே பழைய பதிவுகளிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டனவாம். கேட்க யாருமில்லாத இடத்தில் இது எதற்கு என்று திங்கட்கிழமை அவர் அதையும் மற்ற இரைச்சல்களையும் அடியோடு அழித்துவிட்டார். மழைச் சத்தம் நன்றாக இருந்ததால் அதை மட்டும் வைத்துக்கொண்டாராம்.

"அதுக்கு என்னன்னு பேரு வெச்சிருந்தீங்க?" என்றேன்.

"இரைச்சல் ஏழு, மேடம். நான் வெச்ச பேர் இல்ல. முதல்லேர்ந்தே அப்படித்தான்."

"ஆறாவது என்னது?"

"நாய் குரைக்கிறது."

நான் உள்ளே போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். "மழைச் சத்தத்த வெச்சே ஓட்டுங்க. நாய வேணும்னா கூப்புட்டுக்கங்க. எனக்கு வேலை கெடக்குது" என்று உள்ளிருந்தே சொன்னேன். அது ரோட்டின் அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும்.

கலெக்டர் போனில் பேசினார். அவருக்கு மேலே உள்ளவர் பேசினார். அவருக்கும் மேலே உள்ளவர் வேறு பாஷையில் பேசினார். நான் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் கதவுக்கு வெளியே ரெபெக்காவின் குரல்தான் கேட்டது. அவள் என்னிடம் பேசவில்லை, இவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, நான் ரெண்டு வருஷம் உங்க பக்கத்துல உக்காந்திருந்தேன். அம்மா கேப்பாங்க, தூங்குனீங்களான்னு. நீங்க ஆச்சும்பீங்க. உங்க குரல வெச்சே அவங்களுக்குத் தெரிஞ்சிரும். சரியா இருந்தா, 'செரி, பாத்து எடுங்க'ம்பாங்க. இல்லேன்னா, 'பொய் சொல்லாதீங்க, ஓரங்கட்டிப் படுங்க, ஒரு மணி நேரம் கழிச்சு நானே கூப்புடறேன்'ம்பாங்க. நீங்களும் முணுமுணுத்துக்கிட்டே படுத்துருவீங்க. அந்த ரெண்டு வருஷத்துல அப்படி இருநூத்திப் பதினோரு நாள். அம்மா சொல்லாம நீங்க வண்டி எடுத்த நாள் ஒண்ணுகூட இல்ல. வண்டியும் அதத்தான் கத்துக்கிட்டிருக்கு."

முப்பத்தொரு வருஷத்துப் பெருமை அந்த மனுஷனுக்கு. அதைப் போய்ப் பங்கு போடச் சொல்கிறாளே இந்தப் பெண் என்று எனக்கே பாவமாக இருந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. "ஏம்புள்ள" என்றார் இவர். "ஓட்டுனது நாந்தான். அத யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன். ஆனா பிரேக்கு வீட்டுல இருந்துச்சு. வந்து பேசு."

கதவைத் திறந்தேன். அழுதேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வெங்காயம் இல்லாத சமையலறையில் கண் கலங்கினால் அதற்கு ஊறுகாய்தான் காரணம்.

வத்சனிடம் இரண்டு சொன்னேன். "அந்த ஃபைலுக்கு என்ற பேர வெக்கோணும். டிவியில இவரச் சோம்பேறின்னு சொன்ன அதே வாயால, அதே நேரத்துக்கு, இல்லைன்னு சொல்லோணும்." எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். என் பேரை எழுதும்போது எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினாரா என்று பார்த்துக்கொண்டேன்.

ரெபெக்கா போனை எல்லா வண்டிகளோடும் இணைத்துக் கொடுத்தாள். "பேசுங்கம்மா. பதில் ஐயா குரல்லதான் வரும். பிரேக், டயர், மோட்டார் சூடு எல்லாம் எப்படி இருக்கோ, அதுக்குத் தகுந்த மாதிரி குரல் மாறும். அவருக்கு அலுப்புக்கு மாறற மாதிரியே."

போனை வாங்கினேன். நாற்பது லட்சம் பேரை எப்படி 'ஏனுங்க' என்று கூப்பிடுவது?

"எல்லாம் நாந்தான், கூச்சப்படாத" என்றார் வீட்டுக்காரர்.

"ஏனுங்க" என்றேன். "தூங்குனீங்களா?"

வாசலில் நின்ற பதினாறு வண்டியிலிருந்தும், போனிலிருந்தும், இவர் குரல் ஒன்றாக வந்தது.

"ஆச்சு புள்ள."

அந்த 'ஆச்சு' எனக்குத் தெரியாதா? மூன்று நாள் கண்ணைக் கொட்டாமல் ஓட்டிவிட்டு, ஒன்றுமில்லாத மாதிரி இழுக்கிற 'ஆச்சு' அது. முன்னால் ஒரே ஒரு தடவைதான் அப்படிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நான் படுக்கச் சொல்லாமல் இருந்திருந்தால் இவர் இன்றைக்கு இல்லை.

"கண்ணு" என்றேன் ரெபெக்காவிடம், "இவிங்கள எத்தன நேரம் ஓட்டறீங்க?"

அவள் தலை குனிந்தாள். "இருபத்திமூணு மணி நேரத்துக்கு மேலம்மா."

"நான் படுக்கச் சொன்ன நாளெல்லாம் பதிவுல இருந்துச்சே?"

"அத அப்பவே எடுத்துட்டாங்கம்மா. வண்டி நின்னுரும்ல. நீங்க 'எடுங்க'ன்னு சொன்ன நாளா பாத்துப் பொறுக்கி வெச்சிருந்தாங்க. அதனால மூணு வருஷமா எல்லா நாளும் நல்ல நாள்."

வத்சன் கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், 'செரி எடுங்க'ன்னு மட்டும் சொல்லிடுங்க. நாடே காத்திருக்கு."

நாடு காத்திருந்தது வாஸ்தவம்தான். என் வீட்டிலேயே உப்பு தீர்ந்துவிட்டது. ஆனால் தேய்ந்த பிரேக்கோடு நாற்பது லட்சம் வண்டியை மலை ஏற்றி இறக்கச் சொல்ல என் வாய் வருமா? அவ்வளவிலும் இவரல்லவா இருக்கிறார்.

"பொய் சொல்லாதீங்க" என்றேன் போனில். "எல்லாரும் அப்படியே படுங்க. நாளைக்குக் காலையில நானே கூப்புடறேன்."

"செரி, செரி" என்று முணுமுணுத்தன வண்டிகள். இண்டிகேட்டர் நின்றது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இமயமலை அடிவாரத்திலிருந்து கன்னியாகுமரி வரை எல்லாம் அணைந்தன என்று பிறகு சொன்னார்கள். வத்சன் ஊறுகாய் பக்கத்திலேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு நாளில் அத்தனை வண்டிக்கும் பிரேக் பார்க்க ஆளுக்கு எங்கே போவது? பழைய டிரைவர்களைத்தான் கூப்பிட்டார்கள். ஊர் ஊராக அவர்கள்தான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார்கள். எங்கள் வீட்டு முன்னால் வந்தவர்கள் முதலில் இவரைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். மத்தியானம் ஒருவர் அடியில் படுத்தபடியே, "அர்த்தநாரி, அந்த ஸ்பேனர எடய்யா" என்றார். இவர் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தார். அன்று மாலை முட்டைக் குழம்போடு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். பிரேக் முடியாத வண்டிகளை மறுநாளும் நான் விடவில்லை, முடிந்தவற்றை மட்டும் "பாத்துப் போயிட்டு வாங்க" என்று அனுப்பினேன். நாலே நாளில் செல்லமுத்து கடைக்கு வெங்காயம் வந்துவிட்டது. நாட்டில் யாரும் சாகவில்லை, கொஞ்சம் முட்டை அதிகமாகச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது தினமும் ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன். பழைய டிரைவர்களுக்குத் தினமும் பிரேக் பார்க்கிற வேலை. டிவியில் மன்னிப்பும் கேட்டுவிட்டார்கள், ஆனால் மிகச் சின்ன எழுத்தில்.

போன வாரம் ஒரு நாள். போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். எதையோ தேடுகிற மாதிரி டப்பாக்களை நகர்த்தினார்.

"என்ன வேணுமுங்க?"

"ஒண்ணுமில்ல. நாப்பது லட்சம் பேரையும் கேட்டுட்ட."

"ஆமாங்க. கேட்டாத்தான எடுப்பாங்க."

"என்னைய யாரும் கேக்கல. மூணு வருசமாச்சு."

திரும்பிப் பார்த்தேன். கண் சிவப்பாக இருந்தது. இவர் வீட்டுக்கு வந்துவிட்ட நாளிலிருந்து நான் போன் செய்வதை நிறுத்திவிட்டேன். பக்கத்து அறையில் இருக்கிறவருக்கு யாராவது போன் செய்வார்களா? எனக்குத் தோன்றவே இல்லை.

"ஏனுங்க" என்றேன். "தூங்குனீங்களா?"

"ஆச்சு புள்ள" என்றார்.

அடுப்பை அணைத்தேன்.

"பொய் சொல்லாதீங்க. போய்ப் படுங்க. ஒரு மணி நேரம் கழிச்சு நானே கூப்புடறேன்."

முணுமுணுத்துக்கொண்டே போய்ப் படுத்தார். ஒரு மணி நேரம் கழித்துப் போய்க் கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை. விட்டுவிட்டேன். சாயங்காலம் வரைக்கும் தூங்கினார்.